அவர் வளையத்தைத் தூக்கவில்லை, அப்பா

என் ஆசை அப்பாவுக்கு,

உன்மேல் எனக்குக் கோபம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மற்றது எதுவும் எழுத வராது. நீ போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. துட்டி விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் என்னை வாய்விட்டு அழச் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

அம்மாவும் சித்தப்பாவும் தூங்கிவிட்டார்கள். அடுப்படியில் அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து கணக்கு ரஃப் நோட்டில் எழுதுகிறேன். சித்தப்பா பார்த்தால் கிழித்துவிடுவார். அவர் இருமினால்கூடப் பேனா நின்றுவிடுகிறது.

நாளைக் காலை பத்து மணிக்கு அம்மா போலீஸ் ஸ்டேஷனில் ஒரு தாளில் கையெழுத்துப் போடப்போகிறாள். உன்னுடைய பூ மண்டி முதலாளி டைப் அடித்துக் கொடுத்த தாள். நான் படித்துப் பார்த்தேன். டிரைவர் வண்டியை ஃபர்ஸ்ட் கியரில் போட்டு நிறுத்திவிட்டு அதற்கு முன்னால் போய் நின்றாராம். அது தெரியாமல் முதலாளியின் மகன் ஏசி போடுவதற்காகச் சாவியைத் திருப்பினாராம். வண்டி பாய்ந்துவிட்டதாம். எங்களுக்கு யார்மேலும் புகார் இல்லையாம்.

அதாவது, நீ செத்ததற்கு நீயே காரணம். ஃபர்ஸ்ட் கியரில் போட்டுவிட்டு இறங்கினாயாம். நீயா?

வண்டியை நிறுத்தியதும் கியர்க் கம்பை இடமும் வலமுமாக இரண்டு தரம் ஆட்டிப் பார்ப்பவன் நீ. அது தளர்ந்து ஆடினால்தான் நியூட்ரல் என்று நம்புவாய். அப்புறம் ஹேண்ட் பிரேக். பிறகும் மனசு கேட்காமல் டயருக்கு ஒரு கல். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் யார் வேண்டுமானாலும் சாவியைத் திருப்புவார்கள் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்! அந்தத் தாளை டைப் அடித்தவருக்கு இது தெரியாது. சரி. உன்கூடப் பிறந்த சித்தப்பாவுக்குமா தெரியாது?

முதலாளியிடம் நிரந்தரமாகச் சேருவதற்கு முன்னால் நீ ஆக்டிங் டிரைவர். காலையில் டாக்டரம்மா வண்டி, சாயங்காலம் கரிவலம்வந்தநல்லூர்க் கல்யாண வீட்டு வண்டி, மறுநாள் யாருடையதோ பழைய ஜீப். புது வண்டி எது கைக்கு வந்தாலும் இஞ்சினைக் கிளப்பாமல், கிளட்ச்சை மிதித்துக்கொண்டு, கண்ணை மூடி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்ப்பாய். கார் ஸ்டாண்டில் எல்லாரும் சிரிப்பார்கள்.

“என்ன வே மாடசாமி, பூசை முடிஞ்சுதா? மணி அடிக்கவா?”

“அடியும் வே. ஒண்ணு ரெண்டு மூணெல்லாம் முக்காவாசி வண்டியில ஒரே இடந்தான். இந்த ரிவர்ஸத்தான் ஒவ்வொரு கம்பெனிக்காரனும் ஒவ்வொரு மூலையில ஒளிச்சு வச்சிருக்கான்.”

அதைக் கேட்டுத்தான் நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போட ஆரம்பித்தேன். டாக்டரம்மா வண்டிக்கு ரிவர்ஸ் வலது ஓரம், ஐந்தாம் கியருக்கு நேர் கீழே. இன்னொரு வண்டிக்குக் கம்பை அப்படியே கீழே அமுக்கி இடது பக்கம் தள்ள வேண்டும். ஜீப்புக்கு எங்கே என்று கேட்டதற்கு, “அது கெடைக்கும்போது கெடைக்கும்” என்றாய். பதினோரு வண்டிகளுக்குப் படம் போட்டேன்.

பன்னிரண்டாவது, முதலாளி போன மாதம் எடுத்த வெள்ளை வண்டி. கியர் குமிழுக்குக் கீழே கழுத்தில் ஒரு வளையம். அதை இரண்டு விரலால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கம்பை இடது ஓரத்துக்குத் தள்ளி மேலே போட்டால் ரிவர்ஸ். வளையத்தைத் தூக்காமல் இடது பக்கம் தள்ளி மேலே போட்டால் விழுவது ஃபர்ஸ்ட். கைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பின்னால் போக நினைத்தவர் முன்னால் போவார்.

முதலாளியின் மகன், சின்ன முதலாளி, சென்னையில் இரண்டு வருடம் ஓட்டியது டாக்டரம்மா வண்டி மாதிரியான வண்டி. ரிவர்ஸ் வலது கீழே, வளையம் கிடையாது. புது வண்டியில் இடம் மாறியது அவருக்கு நினைவிருந்தது. வளையம்தான் மறந்துபோனது.

அன்றைக்கு நம் வீட்டுச் சாவி வாங்க முதலாளி வீட்டுக்கு நான் வந்தேன். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்த நேரம். கேட்டுக்குப் பக்கத்தில் செருப்பு வார் அறுந்து நின்றுவிட்டேன். உனக்கு நான் நின்றது தெரியாது. வண்டி ஷெட்டுக்குள்ளே சுவரைப் பார்த்து நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா, ஓடிக்கொண்டிருந்தது! சாவியைத் திருப்பியதால் பாய்ந்ததாமே.

“நான் எடுத்து வெளிய விடுதேன் தம்பி” என்றாய் நீ.

“ஏண்ணே, எனக்கு ஓட்டத் தெரியாதா?”

“ஐயய்ய, அப்பிடி இல்ல தம்பி. தூண்ல ஒரசிராம நான் முன்னால நின்னு பாத்துக்கிடுதேன்.”

சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் போய் நின்றாய். முன் சக்கரம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று இரண்டு கையாலும் காட்டினாய். வண்டி ஒரு சாண் முன்னால் துள்ளி அணைந்தது. அவர் சிரித்தார். நீயும் சிரித்தாய்.

“தம்பி, வளையம். வளையத்தத் தூக்கணும்.”

“தெரியும்ணே, தெரியும்.”

அந்த இடத்தில்தான் உன்மேல் எனக்குக் கோபம். பன்னிரண்டு வண்டி ரிவர்ஸ் தெரிந்த உனக்கு, ஒரு தரம் தப்பாக விழுந்த கை மறு தரமும் தப்பாகத்தான் விழும் என்று தெரியாதா? ஏன் விலகவில்லை? இரண்டு எட்டு எடுத்து வைத்தால் தூணுக்கு அந்தப் பக்கம். நீ விலகவில்லை. விலகினால் அவருக்கு ஓட்டத் தெரியாது என்று நீ சொன்னதுபோல் ஆகிவிடும். அவர் மூஞ்சி வாடிவிடும். அதற்காக நின்றாய். அவர் மறுபடி ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தார்.

அதற்குமேல் என்னால் எழுத முடியாது.

நீ எப்போதும் இப்படித்தான். போன தீபாவளிக்குச் சின்ன முதலாளி கேட்டில் பழைய வண்டியை உரசியபோது, “நாந்தான் அண்ணாச்சி, கொஞ்சம் அசந்துட்டேன்” என்று முதலாளியிடம் போய் நின்றாய். பொய்தானே என்று கேட்டேன். “ஏட்டி, டிரைவர் வேலைன்னா வண்டி மட்டும் ஓட்டுறது இல்ல. பேசாம இரு” என்றாய். பெருமையாகச் சொன்னாய். அவர்கள் பழகிவிட்டார்கள், அப்பா. உயிரோடு இருந்தபோது நீயே போய் ஏற்றுக்கொண்டாய். இப்போது உன்னைக் கேட்காமலே உன் பெயரில் எழுதிக்கொண்டார்கள்.

என் மேலும் எனக்குக் கோபம். ஆட்கள் ஓடி வந்த பிறகு சின்ன முதலாளி என்னைப் பார்த்தார். அவர் உதடு வெளுத்துப்போயிருந்தது. “பாப்பா, நீ பாத்தியா?” என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இல்லண்ணே, இப்பதான் வாரேன்.” உன் வாய் எனக்கு வந்துவிட்டது.

அந்த வண்டிக்கு முன்பக்கம் மாற்றி, எலுமிச்சம்பழம் கட்டி, வேறு டிரைவர் ஓட்டுகிறார். பள்ளிக்கூடத்து வழியாகத்தான் போகிறது. அம்மாவை முதலாளி மண்டியில் பூக்கட்ட வரச் சொல்லியிருக்கிறார். நேற்று ஸ்டாண்டைத் தாண்டி வரும்போது, நான் வருவது தெரியாமல் ஒருவர் சொன்னார்: “இத்தன பூசை போட்டவனுக்கு நியூட்ரல் தெரியலியே வே.” இரண்டு பேர் சிரித்தார்கள். உன் கையை அவர்கள் எல்லாரும் பார்த்தவர்கள்தானே? அந்தத் தாள் கையெழுத்தாகிவிட்டால் இனிமேல் நீ அவ்வளவுதான். கியரில் விட்டு இறங்கிச் செத்த டிரைவர்.

சித்தப்பாவுக்கு என்மேல் சந்தேகம் இருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலம் குழாயடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

“ஏட்டி, நீ எதையும் பாத்தியோ பாக்கலியோ, எனக்குத் தெரிய வேண்டாம். இந்த வீடு மொதலாளியோடது. வாயத் தொறந்தன்னா ஒங்கம்மாவக் கூட்டிட்டு எங்கன போவ?”

எங்கே போவோம்? எனக்குத் தெரியவில்லை. நீ சொல். அம்மாவுக்கு வேலை போகும். சித்தப்பாவுக்கும் அதே மண்டியில்தான் வேலை. பப்ளிக் எக்ஸாம் வருகிறது. பயமாக இருக்கிறது.

ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம், தட்டைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் அம்மா கேட்டாள்: “ஏட்டி, ஒங்கப்பா அப்பிடியா விட்டுட்டு எறங்குவாரு?” அவளுக்கு அந்தத் தாள்மேல் நம்பிக்கை இல்லை, அப்பா. நான் சொன்னால் போதும் என்று நிற்கிறாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

காலையில் அவள் எழுந்ததும் முதல் வேலையாக அதற்குப் பதில் சொல்லிவிடுவேன். சித்தப்பா முழித்துக்கொண்டாலும் நிறுத்தமாட்டேன். அப்புறம் அம்மாவோடு நானும் ஸ்டேஷனுக்குப் போவேன். இஞ்சின் ஓடியது, முதலில் ஒரு தரம் துள்ளியது, நீ வளையம் என்று சொன்னது, எல்லாம் சொல்வேன். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பார்கள். அந்த வெள்ளை வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, வளையத்தைத் தூக்காமல் ரிவர்ஸ் போட்டுக் காட்டுங்கள் என்பேன். அழுதாலும் அழுவேன். அழுதுகொண்டே சொல்வேன்.

நீ இருந்திருந்தால் “பேசாம இரு” என்றுதான் சொல்லியிருப்பாய். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
இந்த ஒரு விஷயத்தில் உன் பேச்சைக் கேட்கப்போகாத
உன் மகள்
செல்வி