நீல மூடிக் குழாய்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தை இன்னும் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறாள். நீ ‘சுண்டெலி’ என்று பெயர் வைத்தாலும் வைத்தாய், நர்சுகளும் அப்படியே கூப்பிடுகிறார்கள். நீ ‘விசில்’ என்று பெயர் வைத்த என் மனைவிதான் இப்போது விசில் ஊதுகிற நிலையில் இல்லை. கர்ப்பத்தில் ஏறி, குழந்தையை மாதம் முடியுமுன்னே எடுக்கவைத்த பிரஷர் இறங்கிவிட்டது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

அதில்தான் சிக்கல். அவள் தன் அம்மா வீட்டுக்குப் போகட்டும், குழந்தையை நாம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள் அம்மா. “விளையாட்டு டீச்சர்னு மைதானம் பூரா ஓடினா வேற என்ன ஆகும்?” என்று முதலில் ஆரம்பித்தாள். பிறகு உன்னையே சாட்சிக்கு இழுத்தாள். போன மாதம் சாப்பிடும்போது நீ சொன்னாயே, மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாக மட்டும்தான் வரும், இந்த நோயில் அது கெட்டுப்போகிறது என்று. “என் பொண்ணே சொல்லிட்டா. கோளாறு அந்த வீட்டு வழி” என்கிறாள்.

கொஞ்ச நாள் தள்ளி இருந்தால் எல்லாம் ஆறிவிடும். நீ விசிலிடம் ஒரு வார்த்தை சொல். நான் சொன்னால் சண்டை. நீ சொன்னால் அறிவியல்.

உன் தம்பி

ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

சொல்ல மாட்டேன்.

போனில் பேசினால் நீ பாதிதான் கேட்பாய். அதனால் எழுதுகிறேன், இரண்டு தடவை படி. அன்று சாப்பிடும்போது நான் சொன்னது உண்மைதான். மீதியைச் சொல்வதற்குள் நீ கை கழுவப் போய்விட்டாய்.

மைட்டோகாண்ட்ரியா என்பது ஒவ்வொரு உயிரணுவிலும் எரிகிற அடுப்பு. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்றால் அந்த அடுப்பு புகைகிறது. புகையும் உடைந்த துண்டுகளும் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. கிருமி புகுந்துவிட்டது என்று உடம்பு படை திரட்டுகிறது. அதைத்தான் அழற்சி என்கிறோம். அந்தச் சண்டையில் ரத்தக்குழாய்களின் உள்சுவர் புண்படுகிறது, பிரஷர் ஏறுகிறது, சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது. அடுப்பு கெட்டதால் சண்டையா, சண்டையால் அடுப்பு கெட்டதா என்று பதினெட்டு வருடமாக இதே வேலையில் இருக்கும் எனக்கே முடிவாகத் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டுச் சொல்.

இன்னொன்று. நஞ்சுக்கொடியைக் கட்டுவது தாய் அல்ல, கரு. அதன் கட்டட வரைபடத்தில் பாதி அப்பாவுடையது. அதனால்தான் எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு நஞ்சுக்கொடிக்கும் இரண்டு பேரின் ரத்தம் கேட்கிறோம். தாய்க்குச் சிவப்பு மூடிக் குழாய், தகப்பனுக்கு நீல மூடி. சிவப்பு வரிசை எப்போதும் நிறைந்திருக்கும். நீல வரிசை பொக்கை வாய். “எனக்கென்ன சீக்கா? எனக்கு எதுக்கு ஊசி?” என்பார்கள் மகாராஜாக்கள். விசில், தலை பிளக்கிற வலியிலும் சம்மதக் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய நஞ்சுக்கொடி ஐஸ் பெட்டியில் உடனே வந்து சேர்ந்தது. உன் குழாய் காலி. ஆபீஸில் மீட்டிங் என்றாயாம்.

அவள் அம்மா ஊர் ஒரு ராத்திரி ரயில் பயணம். பால் சுரக்கிறவளை அங்கே அனுப்பிவிட்டு சுண்டெலிக்கு நீயா கொடுப்பாய்?

அக்கா

ஜூன் 9

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கடைசியில் என்மேலேயே திருப்பிவிட்டாய். அம்மாவிடமும் படித்துக் காட்டினேன். “பெத்தவளை மட்டந்தட்டத்தான் இவ்வளவு படிச்சாளா?” என்றாள். நம் வீட்டில் யாருக்கும் இந்த நோய் வந்ததில்லை. இது உனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இது எங்கள் குடும்ப விஷயம். நீ இதில் வராதே.

தம்பி

ஜூன் 13

அன்புள்ள தம்பிக்கு,

டிக்கெட் பணம் போனதுதான், ரயில் நேற்றே கிளம்பிவிட்டது. விசில் என் வீட்டில் இருக்கிறாள். நான் கடத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பையோடு நின்றுகொண்டு, “அண்ணி, உங்க வீட்டுக்கும் இங்கேயும் எவ்வளவு தூரம்?” என்றாள். நடக்கிற தூரம் என்றேன். “அப்ப வாங்க” என்று அவளே முன்னால் நடந்தாள். மூன்று மணிக்கு ஒரு தடவை போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிறாள்.

நம் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ அம்மாவின் வயிற்றில் ஏழு மாதம். எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா கால் வீங்கி, அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒருநாள் மாடிப்படிக்குக் கீழே விழுந்து, கண் செருகி, உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது ஒரு செருப்பு காலில் இருந்தது, இன்னொன்று தெருவில் கிடந்தது. அன்று சாயங்காலம் நீ பிறந்தாய். பஞ்சில் சுற்றித்தான் காட்டினார்கள். வலிப்பு என்றார்கள், அதற்குமேல் வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. விசிலுக்கு வந்தது அதேதான். வலிப்பு வரைக்கும் போகவில்லை, அவ்வளவே.

இப்படிப் பிறந்த ஆண்களின் மனைவிகளுக்கு இது வருகிற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். கொஞ்சம்தான். இதைக் குற்றம் என்று எழுதவில்லை. உன் குற்றமில்லை, அம்மா குற்றமில்லை, விசிலின் அம்மா குற்றமும் இல்லை. குற்றவாளி வேண்டுமென்றால் வேறு வீட்டில் போய்த் தேடுங்கள். என் படிப்பை அதற்குத் தடியாகக் கொடுக்க மாட்டேன்.

தாய் வழி அடுப்பு என்று பிடித்துக்கொண்டாளே அம்மா, அவளிடம் இதையும் சொல்: அந்தப் பெட்டிக்குள் சுண்டெலி மூச்சுவிடுவது விசில் கொடுத்த அந்த அடுப்பில்தான்.

அக்கா

ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவிடம் செருப்பைப் பற்றிக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவே இல்லை. எல்லாத் துணியையும் மடித்து முடித்த பிறகு, “‘உன் அம்மா வீட்டுச் சீக்கு’ன்னு என் மாமியாரும்தான் சொன்னாங்க. நான் செத்தா போயிட்டேன்?” என்றாள்.

“அதையே நீயும் சொல்லாதேம்மா” என்றேன். பிறந்ததிலிருந்து அவளை எதிர்த்து நான் பேசியது இதுதான் முதல் தடவை. அம்மா, மடித்திருந்த என் சட்டைகளை மட்டும் தனியாக எடுத்து, பிரித்துக் கட்டில்மேல் போட்டுவிட்டாள்.

டிக்கெட்டைக் கிழித்துவிட்டேன். சனிக்கிழமை காலை உன் ஆய்வகத்துக்கு வருகிறேன். ஊசி பெரிதா? அப்படியே உன் வீட்டுக்கும் வரலாமா என்று அவளிடம் கேட்டுச் சொல்.

உன் தம்பி

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

ஊசி சிறியதுதான். உன் குழாயில் பெயரொட்டி வைத்துவிட்டேன். சுண்டெலிக்கு ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள், தானே மூச்சுவிடுகிறாள்.

விசிலிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். பால் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தவள், நின்றபடியே படித்தாள். நான் உனக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“முதல்ல ரத்தம் குடுக்கச் சொல்லுங்க அண்ணி. வீட்டுக்கு வர்றதை அப்புறம் பாக்கலாம்.”

அக்கா