அதே ஒன்பது மணி

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள மகன் சார்லசுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நீயும் ரேகாவும் டொராண்டோவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், கவலைப்பட ஒன்றுமில்லை. மழை நாலு நாளாக விடவில்லை, தெருவில் கணுக்கால் தண்ணீர். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். சொல்ல வந்தது வேறு, அதைப் போனில் ஆரம்பித்தால் பாதியில் இன்னொரு கால் வருகிறது என்று வைத்துவிடுவாய், அதனால்தான் தபாலில் போடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது வீட்டிலிருந்தே உனக்குக் கீழே வேலை பார்க்கிற உன் தங்கையைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டாய். அறிவுமதி மீட்டிங்கில் பாதியில் காணாமல் போய்விட்டாள், சிதம்பரத்தில் நெட் சரியில்லை, வேறு கனெக்‌ஷன் போடச் சொல்லு என்றாய். நெட் நன்றாகத்தான் இருந்தது, சார்லஸ். மீட்டிங் அன்றைக்கு அவள் பிள்ளை இனியனுக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்து, பக்கத்து வீட்டு ஞானாம்பாளிடம் விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உன் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி, பிட்ஸ் வந்து கை கால் இழுத்துக்கொண்டது. ஞானாம்பாள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள், காதில் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கேட்கவில்லை. கடைசியில் ஞானாம்பாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவள் சொல்லி, மாப்பிள்ளை செம்பியன் கடையிலிருந்து போன் பண்ணின பிறகுதான் அறிவுமதிக்குத் தெரியும். எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளை இப்போது தேறிவிட்டான். ஆனால் அவனைப் பெற்றவள் மறுநாள் உங்கள் எல்லோரிடமும் நெட் போய்விட்டது, மன்னியுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். ஏண்டி பொய் சொன்னாய் என்று கேட்டேன். "அண்ணன்கிட்ட போயி அழுதா, தங்கச்சிக்கு சலுகை குடுக்குறாருன்னு மத்தவங்க பேசுவாங்கம்மா. அவுருக்கு கெட்ட பேரு" என்றாள்.

மூன்று நாட்டு ஆட்களுக்கும் பொதுவாக ஒரு நேரம் கண்டுபிடித்துவிட்டேன் என்று நீ பெருமையாகச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்குக் காலை ஒன்பது, இவளுக்குச் சாயங்காலம் ஆறரை. அதையாவது சமாளித்தாள். ஆறரைக்கு செம்பியன் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு டீ குடிக்க வீட்டுக்கு வருவார், பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். நவம்பரில் உங்கள் ஊரில் குளிர்காலம் என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினீர்கள், இங்கே அது ஏழரை ஆகிவிட்டது. மேல வீதியில் ஏழரைக்குத்தான் வியாபாரம், அவரால் வர முடியுமா? நான் அப்போதே உன்னிடம் கேட்டேன். "நேரம் எங்கம்மா மாறுச்சு, அதே ஒன்பது மணிதான்" என்றாய். உனக்கு அதேதான். உன்னிடம் வேலை பார்க்கிற போலந்துக்காரர்கள் அவர்கள் ஊர் மாலை ஐந்துக்கு மேல் உட்கார மாட்டார்கள் என்றால், அது அவர்கள் வழக்கம் என்று மரியாதை கொடுக்கிறாய். நீ எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இவளுக்குப் பழைய ஆறரை ஆகிவிடுமே என்று கேட்டதற்கு, அது வாக்கிங் போகும் நேரம் என்றாய். உன் நடைக்குக் கொடுத்த மரியாதை அவள் பிள்ளைக்கு இல்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்றும் சொன்னாய். கூடப் பிறந்த அண்ணன் மேலதிகாரியாக உட்கார்ந்து கேட்டால் எந்தத் தங்கை முடியாது என்பாள்? அது உனக்குத் தெரியாதது இல்லை, தெரிந்துகொள்ளச் சௌகரியப்படவில்லை.

முந்தாநாள் அவள் வேலையை விட்டுவிட்டாள். குடும்பச் சூழ்நிலை என்று எழுதியிருப்பாள், நீயும் சரி என்றிருப்பாய். பிள்ளை பிறந்து இரண்டு வருடம் வீட்டில் கிடந்து, மறுபடி படித்து, பரீட்சை எழுதி வாங்கின வேலை. முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கித் தந்த புடவையை இன்னும் நான் உடுத்தவில்லை, கிறிஸ்துமசுக்கு வைத்திருந்தேன். இனி அதை எந்த மூஞ்சியோடு கட்டுவேன் என்று தெரியவில்லை. உன்மேல் எனக்கு ரொம்பக் கோபம். அவளைத் திரும்பக் கூப்பிடாதே, வர மாட்டாள். அவள் இடத்துக்கு வேறு ஒரு பெண்ணை எடுப்பாய், அவளிடமாவது ஏழரை மணிக்கு உன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேள்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மாதா உன்னையும் ரேகாவையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும், இதை மனதாரத்தான் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. இனி என்னோடு பேச வேண்டுமென்றால் இங்கே காலை பதினோரு மணிக்குக் கூப்பிடு. அங்கே நடுச்சாமம் என்று தெரியும், மறுநாள் உனக்கு வேலை இருக்கிறது என்றும் தெரியும். மற்ற நேரத்தில் கூப்பிட்டால் நான் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
சு. சவரியம்மாள்