பெரித்தின் டின்னுக்குள் இருந்த ஆமிக்காரர்

பெப்ரவரி 10, செவ்வாய்

பனி விடவில்லை. ஸ்ட்ரோம்மன் கடைப்பக்கம் போகவில்லை, வழுக்கும்.

எனக்கு எழுத்துத் தெரியாது. போனுக்குச் சொன்னால் அது எழுதுகிறது. எழுதியதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்குமோ.

பின்னேரம் முன்வீட்டுப் பெரித் வந்தாள். எண்பது வயது. பதினொரு வருடமாக லிப்டில் ஒரு தலையசைப்பு மட்டும். இன்றைக்கு மட்டும் என்ன? கையில் பிஸ்கட் டின். உள்ளே ஆமிப் படங்கள், ஒன்பது.

மகள் வசந்தி விளங்கப்படுத்தினாள். "அப்பா, இது பிரிட்டிஷ் பரசூட் ஆமியாம். ரெண்டாம் உலகச் சண்டை முடிய ஒஸ்லோவுக்கு வந்தவங்கள், தோத்த ஜெர்மன்காரரிட்டை ஆயுதம் வாங்க. பெரித்தின்ரை அம்மா அவங்களுக்கு உடுப்புத் தோய்ச்சவா. அடுத்த வருசம் இவ பிறந்தவா. இதிலை ஒருத்தன்தான் தகப்பன். ஆரெண்டு தாய் கடைசிமட்டும் சொல்லேல்லை."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நீங்கள் முகம் மறக்காத ஆளெண்டு நான்தான் சொன்னனான். அவவின்ரை சாயல் இதிலை ஆரிட்டை இருக்கெண்டு பாருங்கோ."

வாய் சும்மா இராது இவளுக்கு.

பார்க்காமலே சொன்னேன்: தெரியாது.

பெப்ரவரி 11, புதன்

வாங்க வேண்டியது: பால். உருளைக்கிழங்கு. முழங்காலுக்குப் பூசும் கிறீம்.

பெரித் டின்னை மேசையில் விட்டுப் போயிருக்கிறாள். மறதியா? இல்லை, வேண்டுமென்றுதான்.

திறந்தேன். சரிந்த தொப்பிகள். பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றி வைத்துச் சிரிப்பு. எங்கள் ஊரைக் காக்கவென்று வந்த ஆமியும் முதலில் சிரித்தது. மாலையும் போட்டோம்.

ஏழாவது படம். லொறியில் சாய்ந்து நிற்கிறவன்.

மூடிவிட்டேன்.

பெப்ரவரி 13, வெள்ளி

வசந்தியோடு சண்டை. "திங்கள் பெரித் முதியோர் இல்லத்துக்குப் போறா. எச்சில் குடுத்து டிஎன்ஏ சோதிச்சும் ஒரு சொந்தமும் வரேல்லை. அவவின்ரை கண்ணுக்கு முகமெல்லாம் புகையாம். ஒருக்காப் பாத்துச் சொன்னால் குறைஞ்சா போவியள்?"

அவளுக்குத் தெரியாது. ஒருவருக்கும் சொன்னதில்லை.

அந்த நாளில் ஊர்ச் சந்தியில் ஆமி மறித்துப் படம் ஒன்றைக் காட்டியது. சைக்கிள் கடை ராசன். கேட்டவன் அடிக்கவில்லை. சிகரெட் நீட்டினான், சிரித்தான். "ஓம், இவனைத் தெரியும்" என்றேன். ராசன் வீடு திரும்பவில்லை.

அன்றிலிருந்து படம் என்றால் எனக்கு ஒருவரையும் தெரியாது. வசந்தியின் கலியாண ஆல்பத்தில்கூட.

பெப்ரவரி 15, ஞாயிறு

வெயில், ஆனால் குளிர். டின்னைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். வசந்தியும் வந்தாள். பெரித் வீடு முழுக்கப் பெட்டிகள். யன்னலோரம் இருந்தாள். ஏழாவது படத்தில் கண்ட அந்தக் காது. மேலே கூர்ந்து, தலையோடு ஒட்டி. வாய்க்குக் கீழே அந்த நாடி.

"ஆளைக் காட்டினால் அவனை என்ன செய்வாவாம்? கேள்."

வசந்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கேட்டாள். பெரித் சிரிக்கவில்லை. மெல்லச் சொன்னாள்.

"ஆள் எப்பவோ செத்திருப்பார், படத்தைக் கட்டிலுக்குப் பக்கத்திலை வைக்கத்தான் எண்டுறா, அப்பா."

ஏழாவது படத்தை எடுத்தேன். பெரித்தின் விரலைப் பிடித்து, லொறியில் சாய்ந்தவன் முகத்தில் வைத்தேன். வாயில் தமிழ்தான் வந்தது.

"ஓம், இவனைத் தெரியும்."