கூண்டுக்குள் ஒரு ‘நான்’

மார்ச் 3

நாகரிகங்களின் உரையாடல் மாநாடு. எனக்கு வழக்கமான கண்ணாடிக் கூண்டு. காதில் ஒரு மொழி, வாயில் இன்னொன்று. பேசுபவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். இன்று ஒரு தூதராகவும் இரண்டு பேராசிரியர்களாகவும் இருந்துவிட்டேன். வேலை மட்டும் இன்னும் தற்காலிகம்.

முன்பு நம்மை ஆண்ட நாட்டின் தூதர், “நாங்கள்தான் உங்களுக்கு நாகரிகம் கற்றுக்கொடுத்தோம்” என்றார். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த நம் அமைச்சர் மேசையைத் தட்டிவிட்டு வெளியேறினார்.

மேலதிகாரி அம்மா கூண்டுக்குள் தலையை நீட்டி, “கொஞ்சம் நாகரிகமா மொழிபெயர்க்கக் கூடாதா?” என்றார்.

நாகரிகத்தைத்தானே மொழிபெயர்த்தேன்?

மார்ச் 4

இன்று அமைச்சர் முறை. நம் நாகரிகம் எவ்வளவு பழையது என்று அரை மணி நேரம். பிறகு, சுரங்கத்துக்கு இடம் தர மறுக்கும் மலைவாசிகள் பற்றி: “நாமதான் அவங்களுக்கு நாகரிகம் கத்துக்கொடுக்கறோம். நன்றி கெட்டவங்க.”

அடப்பாவி, அதே வாக்கியம். நேற்றுத் தூதர் சொன்ன சொற்களையே எடுத்து அவர் மொழியில் போட்டேன். வெளிநாட்டு வரிசை குலுங்கிச் சிரித்தது.

மாலையில் மேலதிகாரி அம்மா: “அது மொழிபெயர்ப்புத் தப்புன்னு அமைச்சர் நாளைக்குச் சொல்வார். நீயே அதை மொழிபெயர்த்துடு. உன்னை நிரந்தரமாக்கிடலாம்.”

என் மேல் பழி, என் வாயாலேயே. என் வீட்டுக்காரர், “கண்ணை மூடிட்டுச் சொல்லிடு. அப்புறம் ஆயுசுக்கும் வேலை” என்கிறார். சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 5

“நேத்து நான் அப்படிச் சொல்லவே இல்லை. மொழிபெயர்ப்பாளர் பண்ண தப்பு” என்றார் அமைச்சர். ஒலிவாங்கியில், தூதரின் மொழியில் சொன்னேன்: “நேற்று நான் சொன்னதில் ஓர் எழுத்தும் பிழையில்லை.”

சத்தியமாக என்னுடைய ‘நான்’தான். ஆனால் கூண்டிலிருந்து வருகிற ‘நான்’ என்றைக்கு என்னுடையதாக இருந்தது? சொன்ன சொல் மாறாத மனிதர் என்று தூதர் எழுந்து நின்று கைதட்டினார். ஒன்றும் புரியாமல் அமைச்சர் பூரித்துப்போய்க் கையசைத்தார்.

மார்ச் 9

நிரந்தர ஆணை கைக்கு வந்தது. மறுப்பை அவ்வளவு நாகரிகமாகச் சொல்லியிருக்கிறேனாம். வீட்டுக்காரர் இனிப்பு வாங்கி வந்தார்.

மார்ச் 10

நிரந்தர வேலையின் முதல் வேலை: தூதர் தரப்பு வெளியிட்ட மாநாட்டு அறிக்கையை நம் மொழிக்குக் கொண்டுவருவது. அமைச்சர் பெயரில் அந்த மலைவாசி வரி. அதன் கீழே, ‘ஓர் எழுத்தும் பிழையில்லை’. பிரதி மலை ஊர்களுக்கும் போகிறது.

“சங்கடமானதை விட்டுடும்மா” என்றார் மேலதிகாரி அம்மா.

எதையும் விடவில்லை. அனுப்பிவிட்டேன்.

கதவில் என் பெயர்ப்பலகை மாட்ட ஆள் வந்தார். ஆணி அடிக்க வேண்டாம், ஒட்டினால் போதும் என்றேன்.