வாத்தியாரான வேன் டிரைவர்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன். நீயும் பாப்பாவும் சுகந்தானே?

கடல் தாண்டிப் பள்ளிக்கூட வேன் ஓட்ட வந்தவன் இப்போது வாத்தியார்! தமிழ் டீச்சர் திடீரென்று வேலையைவிட்டு நின்றுவிட்டார். நம் ஆட்களின் பிள்ளைகளை என்னிடம் விட்டார்கள். விரலைப் பிடித்து மணலில் ட, ப, ம எழுதவைத்தேன். ஒரே வாரத்தில் அத்தனையும் பேப்பர் படிக்கின்றன, போ.

ஊருக்கு வர லீவு கேட்டேன். "நீங்க போயிட்டா புள்ளைங்க அழுவாங்கண்ணே. பாஸ்போர்ட் எங்கிட்டயே இருக்கட்டும், அடுத்த வருஷம் பாப்போம்" என்றார் மேனேஜர். அவ்வளவு மரியாதை எனக்கு.

பாப்பாவைப் பள்ளியில் சேர்த்துவிட்டாயாமே. எல்லா எழுத்தும் படிக்கட்டும். 'அப்பா' என்று எழுத மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டாமென்று அவள் டீச்சரிடம் சொல்லிவை. அதை நான் வந்து சொல்லித்தருகிறேன்.

மணி அடித்துவிட்டார்கள்.

உன் வாத்தியார்