எண்பத்து நான்கு

என் மகளின் அப்பாவுக்கு,

நேரில் கேட்டால் சண்டையாகிவிடும், அவள் காதில் விழும். அதனால்தான் சாப்பாட்டு டப்பாவோடு இதையும் வைத்திருக்கிறேன்.

சராசரியே நூறு என்கிற அந்த அறிவுத்திறன் சோதனையில் அவளுக்கு எண்பத்து நான்கு வந்ததிலிருந்து நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது போகட்டும். அவளிடம் ஏன் "தண்ணி... குடி... கண்ணு" என்று ஒவ்வொரு வார்த்தையாகப் பிய்த்துப் போடுகிறீர்கள்? போன வாரம் வரை பத்து வயதுக்காரியோடு சரிக்குச் சரி வாயாடியவர்தானே? ஒரு தாள் வந்ததும் அவள் மக்காகிவிட்டாளா?

நேற்று என்னிடம் சொல்கிறாள்: "அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சும்மா. பேச்சு திக்குது. பாவம், நானும் மெதுவாப் பேசுறேன். அப்பதான் அவருக்குப் புரியுது."

மூன்று நாளாக அவள் நிறுத்தி நிறுத்திப் பேசுவது உங்களுக்காக. அதையும் மந்தம் என்றுதானே நினைத்தீர்கள்?

டப்பாவை நீங்களே கழுவிக் கொண்டுவாருங்கள்.

அவள் அம்மா