குண்டு டயர் சைக்கிளும் என் கால் அளவும்

முத்தையாபுரம்,
தூத்துக்குடி.
அக்டோபர் 16

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜெப்ஸிக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம், பிரஷர் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறேன், முழங்கால் இன்னும் என் சொல் கேட்கிறது. நீயும் மருமகன் பெவினும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது இவள் ஏன் தாளை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுகிறாய், நான் பாதி தூரம் போவதற்குள் சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுகிறாய். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்த அலுப்பு, உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் இது பாதியில் நிற்கக்கூடாத சங்கதி. பாளையங்கோட்டைப் பக்கம் முதியோர் இல்லத்தில் எனக்காகப் பேசி வைத்திருக்கும் அறையை எடுத்துக்கொள்கிறேனா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தாய். பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. சைக்கிள் வாங்கிய கதையைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் உனக்குப் புரியாது, அதனால் பொறுமையாகப் படி.

இங்கே இன்னும் மழை இறங்கவில்லை, மேகம் கூடுவதும் கலைவதுமாக இருக்கிறது. உப்பளத்தில் குவித்த உப்பையெல்லாம் ஓலை போட்டு மூடத் தொடங்கிவிட்டார்கள். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் முன்பைவிட அதிகம், ரோடு முழுக்கக் குழி, ஓரம் முழுக்க மணல். உங்கப்பா போன பிறகு நான் வெளியே போவது குறைந்துவிட்டது என்று உனக்குத் தெரியும், எவ்வளவு குறைந்தது என்று தெரியாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கே போனாலும் அவர் வண்டியின் பின்சீட்டில்தான் போனேன். இப்போது வண்டியும் இல்லை, அவரும் இல்லை. பஸ் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாது, ஆட்டோக்காரன் நம் மண் ரோட்டுக்குள் வரமாட்டேன் என்கிறான். வாராவாரம் கோயிலுக்குப் போனவள் மாதம் ஒருமுறை என்று ஆனேன், இந்த வருஷம் அசனத்துக்கே போகவில்லை. சபையே பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்டபோது நான் இங்கே மிளகு ரசம் வைத்துத் தனியாகச் சாப்பிட்டேன். கண் மங்கி தையலை நிறுத்தியதிலிருந்து வீட்டுக்கும் யாரும் வருவதில்லை, முன்பெல்லாம் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் ஊர்க்கதை முழுவதையும் கொட்டிவிட்டல்லவா போவார்கள். சில நாள் சாயங்காலம் பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்று சொல்லும்போது தொண்டை கரகரக்கும், அன்றைக்கு அப்போதுதான் வாயைத் திறந்திருப்பேன். ஹாலில் நீங்கள் மாட்டிவிட்டுப் போன கேமராவுக்குக் காலையில் எழுந்ததும் ஒரு ஸ்தோத்திரம் சொல்கிறேன். அந்த நேரத்தில் நீ தூங்கிக்கொண்டிருப்பாய் என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஆகவே நீ இல்லத்தைப் பற்றி முதலில் பேசியபோது எனக்குக் கோபம் வரவில்லை மகளே, சாப்பாட்டு வேளைக்காவது பக்கத்தில் ஆள் இருக்குமே என்று சரி சொல்லும் நிலைமையில்தான் இருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். உப்பள வேலைக்குப் போகிறவள், என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கலாம். தூக்குவாளியை ஹாண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு குண்டு டயர் சைக்கிள் ஒன்றில், ஆட்டோ வரமறுக்கிற அதே மணலில், அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நாசரேத்தில் பள்ளிக்கூடம் படிக்கும்போது நானும் ஓட்டியவள்தானே, சைக்கிள் ஓட்டுவது மறந்தா போகும் என்று அன்று முழுக்க அதே நினைப்பு. உன்னிடம் சொன்னபோது நீ சிரித்தாய், நீங்கள் விழுந்து இடுப்பு உடைந்தால் யார் பார்ப்பது என்று பெவின் கேட்டார், ஆனாலும் மறுநாள் நீயே மவுண்டன் பைக் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஏதேதோ அனுப்பி, உயரத்தையும் உள்ளங்கால் முதல் தொடை இடுக்கு வரையுள்ள அளவையும் அனுப்பும்மா, ஆன்லைனில் போட்டுவிடுகிறேன் என்றாய். மலைக்குப் போகிற சைக்கிளாம். நம் ஊரில் மலை என்றால் ஓலை போட்டு மூடிய உப்புதான், ஏறுவதற்கு மேடு என்றால் ரயில்வே பாலம்தான். இருந்தாலும் எனக்கு வேண்டியது அதன் டயர். பார்க்காமல் தொடாமல் துணி எடுத்தே பழக்கமில்லாத நான் சைக்கிளையா அப்படி வாங்குவேன் என்று டவுனுக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் பெயர் சிவனணைந்தபெருமாள், நல்ல மனுஷர், ஆனால் வியாபாரி. பேரனுக்கா அக்கா என்று கேட்டார், எனக்குத்தான் அண்ணாச்சி என்றேன். மனுஷர் கொஞ்ச நேரம் என் தலையிலிருந்து செருப்பு வரை பார்த்தார். அதிக நேரம் ஆகாது, நான் நாலே முக்கால் அடிதானே. பிறகு கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார், டயர் என் பெருவிரல் அகலம்கூட இல்லை, நம் மணலில் முதல் நாளே படுத்துக்கொள்ளும். குண்டு டயர்தான் வேண்டும் என்றதும் பெரியவர்கள் ஓட்டுகிற இருபத்தாறு இன்ச் சைக்கிளை இறக்கினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு பக்கமும் காலைப் போட்டு நின்று பார்த்தேன், குறுக்குக் கம்பி இடிக்கிறது, குதிகால் தரையில் படவில்லை. சீட்டை இறக்கிட்டா சரியாப் போவும்க்கா, எல்லாருக்கும் அப்படித்தான் செய்து குடுக்கேன் என்றார். எத்தனை ஜாக்கெட் தைத்தவள் நான், இந்தப் பேச்சை என்னிடமா. பெரிய உடம்புக்கு வெட்டியதை அடியில் மடித்துத் தைத்துச் சின்ன உடம்புக்குக் கொடுத்தால் நீளம் குறையும், தோள் குறையுமா. சீட்டை இறக்கிய பிறகும் ஹாண்டில்பார் தூரத்தில்தான் இருந்தது, படுத்துக்கொண்டு பிடிக்க வேண்டியிருந்தது. இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, படம் ஒட்டிய பிள்ளைகள் சைக்கிள் ஒன்றைக் காட்டினார், அதில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். கடைசியில்தான் சக்கரம் இருபத்துநாலு இன்ச், சட்டம் சின்னது, கம்பி நடுவில் சரிந்து தாழ்ந்தது என்று ஒரு வகை இருப்பதாகச் சொன்னார். அதிலும் இரண்டு அளவு உண்டாம், இரண்டையும் கோடவுனிலிருந்து எடுத்துவர வேண்டுமாம். கம்பிக்கும் உடம்புக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி இருக்கணும், உங்க கால் அளவு தெரிஞ்சா எதுன்னு சொல்லிருவேன், வீட்ல யாரையாவது அளக்கச் சொல்லிட்டு வாங்கக்கா என்று அனுப்பிவைத்தார். வீட்டில் யாரையாவது. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அதுவே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

நீ அனுப்பியதில் போட்டிருந்தபடியே செய்து பார்த்தேன். சுவரில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும், கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால் இடுக்கில் நன்றாக ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும், புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரில் எங்கே வருகிறதோ அங்கே கோடு போட வேண்டும். நம் வீட்டில் கெட்டி அட்டை என்றால் வேதாகமம், இல்லாவிட்டால் கீர்த்தனைப் புத்தகம். அதைக் கொண்டுபோய்க் கால் இடுக்கில் வைக்க முடியுமா, நினைத்ததற்கே ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பரணிலிருந்து உன் நர்சிங் புத்தகம் ஒன்றை எடுத்தேன், எலும்புப் படம் போட்டது, பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கோடு போடக் குனிந்தால் புத்தகம் நழுவுகிறது, நிமிர்ந்தால் கை எட்டவில்லை. டேப்பின் நுனியைக் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வந்தது. இந்தத் தெருவில் எத்தனை பெண்களுக்கு அளவெடுத்திருக்கிறேன், எனக்கு அளவெடுக்க ஆளில்லை. அப்போதுதான் கேமரா ஞாபகம் வந்தது, இந்தக் கூத்தை நீ பார்த்திருந்தால் என்ன நினைப்பாய் என்று வெட்கமாகப் போய்விட்டது. பிறகு பார்த்திருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. பார்த்தால் என்னம்மா பண்ணுகிறாய் என்று கேட்டுப் போன் செய்வாயே. அந்தப் புத்தகத்தோடு சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். போன் வரவில்லை. உனக்கு டியூட்டி நேரம், எனக்குத் தெரியும், இருந்தாலும் நின்றேன்.

பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்த விஜிலா என்கிற பெண்ணைப் பற்றி உன்னிடம் குறை சொல்லியிருக்கிறேன். அவள் புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், வண்டியை நம் கேட்டை மறைத்து நிறுத்துகிறான் என்று இத்தனை நாளும் அவர்களை முறைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் துணி காயப்போட வெளியே வந்தாள், நான் கையில் எலும்புப் புத்தகத்தோடு போய், எம்மா கொஞ்சம் வந்து எனக்கு அளவெடுத்துத் தருவியா என்று கேட்டேன். என்ன எதற்கு என்று ஒன்றும் கேட்காமல் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள். தரையில் மண்டியிட்டு, நேரா நில்லுங்கத்தை, ஆடாதீங்க என்று ஒரு கையால் என் கணுக்காலைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து வைத்தாள், பிறகு முழங்காலை அழுத்தி நிமிர்த்தினாள். உங்கப்பாவை அடக்கம் பண்ணிய அன்று எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அதற்குப் பிறகு என்னை யாரும் தொடவில்லை ஜெப்ஸி. எனக்கே அது அந்த நிமிஷம்தான் தெரிந்தது. கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது, அடக்கவே முடியவில்லை. விஜிலா பயந்துபோய், ஏன் அத்தை, பென்சில் குத்திட்டா என்று கேட்டாள். ஆமாம்மா, குத்திட்டு என்றேன். அளவு இருபத்தைந்தரை இன்ச்.

அந்த அளவுக்குச் சின்னச் சட்டம்தான் சரி என்று அண்ணாச்சி கொடுத்தார், பச்சை நிறம், ஏழு கியர். பிரேக்கைப் பிடிக்க என் விரல் எட்டவில்லை என்றதும் அதில் ஒரு சின்ன ஸ்குரூவைத் திருகி உள்ளே தள்ளிக் கொடுத்தார், இப்படி ஒரு வசதி இருப்பதே எனக்குத் தெரியாது, நீயும் குள்ளம்தானே, அங்கே எப்போதாவது வாங்கினால் இதைக் கேட்டுச் செய்துகொள். பீரோவில் கிடந்த உன் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு உப்பள ரோட்டில் ஓட்டினேன். முதலில் பாம்பு மாதிரி போனது, பிறகு நேரானது. தெருவில் சிரித்தார்கள், சிரிக்கட்டும். வளைவில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தபோது பிரேக்கை அழுத்திக் குதித்தேன், இரண்டு காலும் நன்றாகத் தரையில் ஊன்றின, கம்பி இடிக்கவில்லை, நான் விழவில்லை, இதைப் பெவினிடம் கட்டாயம் சொல். போன ஞாயிறு கோயிலுக்கு நானாகவே போய் வந்தேன். சபை ஐயர் என்னைப் பார்த்துவிட்டு யார் கொண்டு விட்டது என்று கேட்டார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அந்த இல்லத்துக்கு நானே போன் செய்து, வரும்போது என் சைக்கிளையும் கொண்டு வரலாமா என்று கேட்டேன். எடுத்த பெண் நல்லபடியாகத்தான் பேசினாள். சைக்கிளாம்மா, இங்கன எங்க ஓட்டுவீங்க, கேட்டுக்கு வெளிய போறதுன்னா மகள் சம்மதம் சொல்லணும், கூட ஒரு ஆளும் வரணும் என்றாள். அவர்கள் பயம் அவர்களுக்கு, தப்புச் சொல்லவில்லை. ஆனால் நான் தெருமுனைக்குப் போவதற்கு நீ அயர்லாந்திலிருந்து சம்மதம் தர வேண்டுமா. அந்த அறையை வேறு யாருக்காவது கொடுங்கள், என் மகளுக்கு நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்ததுதான், கேட்டிருந்தால் நீ அழுதிருப்பாய், நான் சரி என்று சொல்லியிருப்பேன். சைக்கிள் வந்ததும் என் தனிமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன் மகளே. எவ்வளவு தூரம் ஓட்டினாலும் திரும்பி வந்து பூட்டைத் திறப்பது நான்தான், நாய் குறுக்கே வந்ததைச் சொல்ல உள்ளே யாருமில்லை. அன்றைக்கு அதைச் சொல்ல முடியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அந்தக் கேட்டுக்குள் போனால் எனக்குச் சொல்வதற்கே ஒன்றும் இருக்காது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள், நைட் டியூட்டிக்குப் போகும்போது கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. அறையை விட்டுவிட்டேன் என்று உனக்குக் கோபம் வரும். வந்தால் மனதில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே, உடனே போன் செய்து ஆசை தீரத் திட்டு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டு, நான் குறுக்கே பேசமாட்டேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

உன் அன்புள்ள அம்மா,
ச. ஜெபகனி